ஓட்டுநரின் கண் உயரம்

வீட்டு முகப்பில் கார் வழி கேட்டு விண்ணப்பம் போடுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுக்கு மட்டும் குடுத்திருக்கீங்களே சார்?" பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தபோது இந்தச் சாலையில் பாதிக்கு மேல் சைக்கிள்கள்தான் ஓடின என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நகராட்சியின் திட்ட அனுமதிப் பிரிவில் நான் ஆய்வாளன். போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டி வீடு இருந்தால், நினைத்தபடி மதிலை உடைத்துக் காரை உள்ளே விட்டுவிட முடியாது. நான் போய்ப் பார்க்க வேண்டும். கொடுக்கலாம் என்று எழுதினால் சாலையில் போகிறவர்கள் திட்டுவார்கள். கூடாது என்று எழுதினால் வீட்டுக்காரர் திட்டுவார். திட்டு வாங்காத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று என் மனைவி சொல்வாள். அவளும் சும்மா இருப்பதில்லை.

என் வேலைக்கு வேண்டிய சாமான் இரண்டுதான். ஒன்று குட்டை முக்காலி. மற்றது சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த ஒரு பலகை. காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் கண், நின்றுகொண்டிருப்பவரின் இடுப்புக்குச் சற்று மேலேதான் இருக்கும். இது யாருக்கும் தோன்றாது. வாசலில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு தெரியுதே சார், இதுல என்ன ஆய்வு?" என்பார்கள். "உக்காந்து பாருங்க" என்று முக்காலியைப் போடுவேன். உட்கார்ந்ததும் பக்கத்து மதில் எழும்பி நிற்கும், செடி மறைக்கும், நிறுத்தி வைத்த வேன் மறைக்கும். முக்காலியைச் சாலை விளிம்பில் போடக்கூடாது, காரின் மூக்கு நீளத்துக்கு உள்ளே தள்ளிப் போட வேண்டும். என் உதவியாளர் பலகையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரமாக நடந்துகொண்டே போவார். எதுவரைக்கும் பலகை கண்ணுக்குத் தெரிகிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் ஒரு பஸ் பிரேக் போட்டு நிற்க முடியுமானால் அனுமதி. முடியாதென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நான் கிரேன்காரர் என்று சொல்லும் பெரியவரின் வீட்டுக்குப் போன அன்று உதவியாளர் லீவு. பல்வலி. தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பம் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது, கிரேன்காரரும் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். தொல்லை தாங்காமல் தனியாகவே போனேன்.

சிக்னலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில், பஸ்ஸும் லாரியும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு போகும் சாலை. ஒற்றை மாடி வீடு. முன்மதில் புகை படிந்து கறுத்திருந்தது. அவர் கேட்டுக்கு வெளியே, மதிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். எழுபதைத் தொட்ட வயது, தோள்கள் மட்டும் இன்னும் வயசாக மறுத்தன. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார். பெரிய ஆளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரசாங்க ஆளை மதிக்காதவர்கள் இப்படித்தான் எங்கேயாவது பார்த்துப் பேசுவார்கள்.

"உள்ள வாங்க சார். முதல்ல டீ" என்றார்.

கூடத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. திறந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காதாம். லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. அவர் மனைவி நாற்காலியில் இருந்தார், இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தவரை நான் வேண்டாம் என்று தடுத்தேன்.

விஷயத்தைக் கிரேன்காரரே சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் இருக்கிறது, நிறுத்த இடமில்லை. பின்தெருவில் ஒரு மரப்பட்டறையின் காலி மனையில் நிறுத்துகிறார்கள். அங்கே போக இந்தச் சாலை ஓரமாகவே நடந்து திரும்ப வேண்டும். மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த நடை முடியவில்லை. ஆஸ்பத்திரி, கடை, பேங்க் எதுவானாலும் பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து எழுந்துதான் போக வேண்டும்.

"பசங்க ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்காங்க சார்" என்றார். "அம்மாவால நடக்க முடியல, இனிமே அந்த வீட்டுல இருக்க முடியாதுங்கறாங்க. சரி, கூட்டிட்டுப் போங்கன்னா, ரெண்டு பேரையும் வெச்சுக்க யார் வீட்டுலயும் ரூம் இல்லையாம். அம்மா மக வீட்டுக்கு, நான் மகன் வீட்டுக்கு. பீரோ கட்டில் பிரிக்கிற மாதிரி பிரிச்சுட்டாங்க."

"கார் வாசலுக்கு வந்துட்டா நாங்க இங்கயே இருந்துக்கறோம்னு சொல்லியிருக்கோம்" என்றார் அந்த அம்மா. "அனுமதி வந்தா வீடு. இல்லேன்னா விக்கறதுன்னு பேச்சு."

இந்த மாதிரி கதைகளை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. யாருக்கு முழங்கால் வலி, யார் பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் பார்த்து அனுமதி கொடுப்பதென்றால் ஊரில் மதிலே மிஞ்சாது. டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

"முக்காலியில யாராவது உக்காரணும்" என்றேன். "பலகையை நான்தான் எடுத்துட்டுப் போகணும். வெளியாள் ரோட்டுல பலகையோட நடந்து அடிபட்டா அப்புறம் என் தலைதான் உருளும்."

அம்மாவால் அவ்வளவு தாழ்வாக உட்கார முடியாது. முழங்கால் மடங்காது. கிரேன்காரர் முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படித்தான் நான் நினைத்தேன்.

"நீங்க உக்காருங்க" என்றார் அம்மா, சற்று வேகமாக. "நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் உட்கார்ந்தார். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தோளருகே குனிந்து நின்றார். நான் அவருக்குப் போன் போட்டு, காதில் வைத்தபடி பலகையோடு நடந்தேன்.

"இப்ப தெரியுதா?"

கொஞ்சம் இடைவெளி. "தெரியுது."

"இப்ப?"

மறுபடி இடைவெளி. பின்னால் ஏதோ ஒரு முணுமுணுப்பு. "தெரியுது. பல் டாக்டர் போர்டு கொஞ்சம் மறைக்குது. மேல தெரியுது."

சரியாகத்தான் சொன்னார். அடுத்த வீடு பல் டாக்டருடையது. சிரிக்கும் வாய் படம் போட்ட அவருடைய பெயர்ப்பலகை ஒன்று சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழம் உயர்த்தி மாட்டினால் போதும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். இன்னும் நடந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. போனில் வேறொரு போன் மணி அடிப்பது கேட்டது. "மக கூப்பிடறா, அடுப்பையும் அணைச்சுட்டு வந்துடறேன்" என்று அம்மாவின் குரல் தேய்ந்து போயிற்று.

அப்போது என் செருப்பு வார் அறுந்தது. ஓரமாக நின்ற லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, பலகையைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு, குனிந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். கோழி பஞ்சாரக் கூடைக்குள் இருப்பதுபோல் நான் அந்த லாரிக்குப் பின்னால் முழுதாக மறைந்திருந்தேன்.

"தெரியுது சார்" என்றார் போனில். "நல்லாத் தெரியுது."

நான் எதுவும் கேட்கவே இல்லை.

வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "இப்ப?" என்றேன், லாரிக்குப் பின்னாலிருந்தே.

"தெரியுது."

பலகையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடந்தேன். பாதி தூரம் வந்து கேட்டேன். தெரியுது என்றார். பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டேன். தெரியுது என்றார். கடைசியில் அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றேன். பஸ் ஒன்று இரைச்சலோடு கடந்ததில் என் காலடி அவருக்குக் கேட்டிருக்காது. முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சாலையையே பார்த்தபடி இருந்தார். எவ்வளவு கவனமான முகம்!

"பலகை தெரியுதா?" என்றேன் போனில்.

"பளிச்சுன்னு" என்றார்.

போனைக் கீழே இறக்கிவிட்டு, வெறும் வாயால் கேட்டேன். "என் கையில என்ன இருக்கு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதே நேரம் அம்மா வாசற்படியில் வந்து நின்றார். எங்கள் இருவரையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்டைப் பிடிக்காமலே இரண்டடி நடந்து வந்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தார்கள் என்பதற்காக அல்ல. அதைத் தினமும் நாலு பேர் செய்கிறார்கள். இந்த ஆள் பின்தெருவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இந்தச் சாலையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் தங்கை பெண் இதே சாலையில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?" என்று கத்தினேன்.

"உள்ள வாங்க" என்றார் அம்மா. "ரோட்டுல வேண்டாம்."

கூடத்தில் கிரேன்காரர் தானாகவே சொன்னார். கண்ணின் நடுவில் அழுக்குத் துணி தொங்குவது மாதிரி இருக்குமாம். எதைப் பார்க்க வேண்டுமோ அது தெரியாது, சுற்றியிருப்பது தெரியும். அதனால்தான் என் காதைப் பார்த்துப் பேசினார், அப்போதுதான் என் முகம் கொஞ்சம் தெரியுமாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, இனி இவ்வளவுதான்.

"ஆனா நான் குருட்டாம்போக்குல ஓட்டல சார்" என்றார். "இவ சொல்லுவா. முன்னாடி ஆட்டோ, நிதானம். சிவப்பு. பச்சை. வலது பக்கம் பஸ், விடுங்க, இப்ப போலாம். அப்படியே கேட்டு ஓட்டுவேன். இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல."

"ஒரு கீறல் இருக்கு" என்றார் அம்மா.

"அது நிறுத்தும்போது."

"கீறலுக்கா நான் பேசறேன்?" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "நான் முப்பது வருஷத்துக்கு மேல கிரேன் ஓட்டினவன். கப்பலோட அடிவயித்துல இருந்து கண்டெய்னர் தூக்கணும். மேல கேபின்ல உக்காந்திருக்கற எனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியவே தெரியாது. கீழ ஒருத்தன் ரேடியோவுல சொல்லுவான். கொஞ்சம் இடது, இறக்கு, இன்னும் ஒரு சாண், நிறுத்து. அவன் கண்ணு, என் கை. அப்படித்தான் வேலையே. பாத்துத் தூக்கினதைவிட கேட்டுத் தூக்கினதுதான் அதிகம். இவ அவனுங்களை விட நல்லா சொல்றா."

பெருமையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. கண் போனால் ஊரில் எல்லோரும் சாவியை ஆணியில் மாட்டிவிடுவார்கள். இவர் மட்டும் சிக்னல் சொல்ல ஆள் போட்டுக்கொண்டார்.

"கப்பலுக்குள்ள ஸ்கூல் பிள்ளைங்க குறுக்க ஓடாதுங்க" என்றேன்.

அவர், "இன்னொரு டீ போடறேன்" என்று எழுந்து, சுவரை ஒட்டி நடந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்னது?"

"லைசென்ஸ் இருக்கு. புதுப்பிச்சுத்தான் வெச்சிருக்கேன். அவர் ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட்னு போயிட்டிருந்தப்ப பசங்களை ஸ்கூலுக்கு நான்தான் கார்ல கொண்டு விட்டேன். ரிட்டையர் ஆகி வந்தாரு, சாவியை வாங்கிட்டாரு. கிரேன் போச்சே, இதாவது இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். எனக்கு இடது முட்டிதான் போச்சு. இது ஆட்டோமேட்டிக் வண்டி, இடது காலுக்கு வேலையே இல்ல. ஓட்டலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

நான் பேந்தப் பேந்த விழித்தேன். "அப்ப ஏன்மா?"

"நான் கேட்டா பிடுங்கிக்கிட்டதா ஆயிடும். அவரா இறங்கணும்."

"அவரா இறங்கற வரைக்கும் ரோட்டுல போறவன் வர்றவனா உங்க தாம்பத்தியத்துக்குப் பலி?"

கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"பயந்துதான் சாகறேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் கார்ல ஏறும்போது சாமியைக் கும்பிட்டுக்கறேன். திரும்பி வந்து படுத்தா தூக்கம் வராது. ஆனா அவரால ஓட்ட முடியலேன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நான் ஓட்டறேன்னு சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, அவரும் ஒத்துக்க மாட்டாரு. கண்ணு போச்சுங்கறதை விட, எனக்குப் பக்கத்து சீட்டுங்கறதைத்தான் அவரால தாங்க முடியாது. அதுக்காக என்னை ஒரு ஊருலயும் அவரை ஒரு ஊருலயும் கொண்டு போடட்டுமா? இந்த வயசுல நான் அவரைப் போன்ல பாக்கணுமா?"

சமையலறையில் ஸ்பூன் கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் இடத்தைப் பொறுத்தது, அதில் அவருடைய கண்ணுக்கு வேலையில்லை. ஆனால் அவர் இனி ஸ்டீயரிங்கைத் தொட்டால் லைசென்ஸ் அலுவலகத்துக்கு நானே எழுதுவேன், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. அம்மா தலையை ஆட்டினார். வேலை முடிகிறவரை டாக்ஸியில் போகிறோம், சாவி என்னிடம் இருக்கும் என்றார். அதற்குள் அவரிடம் எப்படியாவது பேசிவிடுகிறேன் என்றும் சொன்னார். அந்த எப்படியாவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டீ வந்தது. சர்க்கரை துல்லியமாக இருந்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கோப்புகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இடம் தேறுதா?"

"உதவியாளர் வந்ததும் மறுபடி அளக்கணும். தேறும்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

"ஓட்டற ஆள் தேறல சார்."

"யோவ், ஆளுக்கு மார்க் போடறது நம்ம வேலையா? இன்னிக்கு அவரு இருப்பாரு, நாளைக்கு வீட்டை இன்னொருத்தன் வாங்குவான். வழி மண்ணோட போற விஷயம். மனுஷனோட போறதில்ல." சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பல்வலி தீர்ந்து வந்த உதவியாளரோடு போய் மறுபடி அளந்தோம். இந்த முறை முக்காலியில் நான் உட்கார்ந்தேன். பார்வைத் தூரம் போதுமானதாக இருந்தது. பல் டாக்டர், சிரிக்கும் வாயை உயர்த்தி மாட்ட ஒப்புக்கொண்டார், உயரத்தில் இருந்தால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கு. கேட் உள்பக்கமாகத் திறக்க வேண்டும். கார் பின்பக்கமாகச் சாலையில் இறங்கக் கூடாது, வளாகத்துக்குள்ளேயே திரும்பி முன்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதற்கு இடம் போதாமல், அம்மா வளர்த்திருந்த பூச்செடிப் பாத்தி முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. "எடுத்துடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மதில் உடைந்தது, நடைபாதை தாழ்ந்தது, தளம் போட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை கிரேன்காரர் சிமெண்டுத் தளத்தில் நின்று காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் எங்கும் தென்படவில்லை. அம்மா வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது.

வேலை முடிந்ததும் இறுதி ஆய்வு. கார் ஒன்று உள்ளேயே திரும்பி, முன்பக்கமாக வெளியேறுவதை நான் கண்ணால் பார்த்தால்தான் கோப்பை மூட முடியும். உதவியாளரோடு போனேன். மரப்பட்டறைக்காரர் காரைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டுப் போயிருந்தார். வீட்டைப் பார்த்தபடி நின்றது. வாசற்கதவு திறந்து கிடந்தது.

ஸ்டீயரிங்கின் பின்னால் கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. பக்கத்து சீட்டில் அம்மா.

எனக்கு ரத்தம் கொதித்தது. எப்படியாவது பேசுகிறேன் என்றாரே, இதுதானா அது? வாயைத் திறப்பதற்குள் இன்ஜின் கிளம்பிவிட்டது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்க முடியாது. நேராகக் கேட் நடுவில் போய்ச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வருவதானால் என் மேல் ஏறித்தான் வர வேண்டும். உதவியாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

ஜன்னல்கள் இறக்கியிருந்ததால் அம்மாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பின்னால. இன்னும். ஒடிங்க. இன்னும் ஒரு சாண். நில்லுங்க. இப்ப முன்னால, முழுசா ஒடிங்க." கார் அந்தக் குறுகிய இடத்தில் பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், எங்கேயும் உரசாமல் முழுதாகத் திரும்பியது. இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு அழகாக ஒருவர் காரைத் திருப்பி நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகக் கேட்டை நோக்கி வந்தது.

"நில்லுங்க" என்றார் அம்மா. நின்றது. எனக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடலாம்.

என் பின்னால் பஸ் ஒன்று போயிற்று, இரண்டு லாரிகள் போயின. அதன்பின் அந்தச் சாலையில் அபூர்வமாக நடக்கிற ஒன்று நடந்தது. சிக்னல் விழுந்து, சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் காலியாயிற்று. ரோடு காலி என்று உதவியாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"சொல்லு" என்றார் கிரேன்காரர்.

அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

"சத்தமே இல்லையே. போலாமா?"

பதில் இல்லை.

"ஏன் பேச மாட்டேங்கற? ஏதாவது வருதா?"

அம்மா உதட்டை இறுக மூடியிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையாலும் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும், நில்லுங்க என்றோ போங்க என்றோ. அதைச் சொல்லாமல் இருக்க அவர் என்ன பாடுபட்டார் என்பதை நான் நேருக்கு நேர் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்றிருந்தது.

கிரேன்காரர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் எதையோ பிடிக்கப் பார்த்தார். மறுபடி வண்டிகளின் சத்தம் பெருகி வந்தது. இன்ஜினை அணைத்தார்.

"முன்னாடி யாராவது நிக்கறாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"சாரா? எப்பலேர்ந்து?"

"நீங்க வண்டியைக் கிளப்பினதுலேர்ந்து."

அவர் ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைத் தடவியபடி என்னைத் தாண்டிச் சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"குரல் நின்னா எதையும் அசைக்கக் கூடாது" என்றார், அம்மாவிடமா என்னிடமா தெரியவில்லை. "அது எங்க வேலையில முதல் பாடம். கீழ இருக்கறவன் காரணமில்லாம நிறுத்த மாட்டான்." பிறகு, "இறங்கு" என்றார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவரை அணைத்துப் பிடித்துக் காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார் கிரேன்காரர். பார்க்கிறவர்களுக்கு அவர் அம்மாவை நடத்திக்கொண்டு போவது போலத்தான் இருந்திருக்கும். சீட் வெகு பின்னால் இருந்தது. அதை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பிச் சரிசெய்ய அம்மாவுக்கு நேரம் பிடித்தது. அதற்குள் அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இதை நீங்களே லைசென்ஸ் ஆபீஸ்ல குடுத்துடுங்க சார். நான் போனா எந்த கவுண்டர்னு தெரியாது."

வாங்கிக்கொண்டேன். விலகி நின்றேன்.

கார் கேட்டைத் தாண்டி, நடைபாதைச் சரிவில் மூக்கை வைத்து நின்றது.

"வலது பக்கம் பாரு" என்றார் கிரேன்காரர். "பஸ் சத்தம் கேக்குது. அவசரப்படாத. இடது பக்கம் ஒரு தடவை—"

"பாத்துட்டேன்" என்றார் அம்மா. "பேசாம வாங்க."

கார் இறங்கித் திரும்பி, வண்டிகளோடு வண்டியாகப் போயிற்று. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உதவியாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டார். வீட்டுக் கதவை அவர்கள் பூட்டாமலே போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும் வரை நான் அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லி, அவரை மட்டும் அனுப்பிவைத்தேன்.